கால் மறுபடி தளர்கிறது: போலியோ திரும்பி வந்துவிட்டதா?

மலேசியா, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 55. ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவர். ஒன்றரை வயதில் கடும் காய்ச்சல். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர் (மருத்துவ உதவியாளர்) ஊசி போட்டார். இரண்டு நாளில் வலது கால் துவண்டுவிட்டது. பிற்பாடுதான் அது போலியோ, அதாவது இளம்பிள்ளை வாதம் என்று தெரிந்தது. இரும்பும் தோலும் சேர்ந்த கேலிப்பர் என்ற கால்தாங்கி போட்டுப் பள்ளிக்கூடம் போனார். 17 வயதில் அதைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, வலது தொடையைக் கையால் அழுத்திக்கொண்டு நடக்கப் பழகினார். கல்யாணம், இரண்டு பிள்ளைகள், கையுறைத் தொழிற்சாலையில் 26 வருட வேலை. பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் பெரும்பகுதி நின்றுகொண்டே.

மூன்று வருடமாக நிலைமை மாறிவிட்டது. 'நல்ல கால்' என்று நம்பியிருந்த இடது காலில் பிடிப்பு, நடுக்கம், பலமின்மை. குளியலறையில் ஒரு முறை, வாசற்படியில் ஒரு முறை விழுந்தார். வலது தோளில் ஓயாத வலி. வேலை முடிந்து வந்தால் சோறு போட்டுச் சாப்பிடக்கூட முடியாத அசதி. காலையில் எழும்போது தலைவலி. தொழிற்சாலையின் ஏர்கோன் குளிரில் கால் விறைத்துப்போகிறது. கிளினிக்கில் 'வயசாகுது, உடம்பைக் குறைங்க' என்று வலி மாத்திரை கொடுத்தார்கள். ஜிம்முக்குப் போகும் மகன், அம்மாவைத் தினமும் சாயங்காலம் திடலில் ஆறு சுற்று நடக்க வைத்தார். ஒரு மாதத்தில் இன்னும் மோசம். கணவர், 'ஸ்டெம் செல்' ஊசி போட்டால் நரம்பு முளைக்கும் என்று எங்கோ கேட்டு, 18,000 வெள்ளி (ரிங்கிட்) கட்டத் தயாராக இருக்கிறார். தங்கச்சி, 'வேலையை விடு, இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பணத்தை எடு, வீட்டில் உட்கார்' என்கிறார். இதற்கு நடுவில் பித்தப்பைக் கல்லுக்கு இரண்டு மாதத்தில் அறுவைச் சிகிச்சை.

அவருடைய கேள்விகள்: 'போலியோ திரும்ப வந்துவிட்டதா? நாலு மாதப் பேத்தியைத் தூக்கினால் ஒட்டுமா? அன்றைக்கு ஊசி போடாமல் இருந்தால் கால் தப்பியிருக்குமா? நான் சோம்பேறி ஆகிவிட்டேனா? 38 வருஷத்துக்கு முன்னால் தூக்கிப் போட்ட கேலிப்பரை மறுபடி போடச் சொல்வீர்களா டாக்டர்?'

அன்புள்ள அக்கா,

எனக்கு அக்கா வயதுதான் உங்களுக்கு, அதனால் இப்படியே கூப்பிடுகிறேன். பேத்தியைத் தாராளமாகத் தூக்குங்கள். 1971-இல் உங்கள் உடம்புக்குள் வந்த கிருமி சில வாரங்களிலேயே போய்விட்டது. இப்போது நடப்பது அதன் மறுவருகை அல்ல. யாருக்கும் ஒட்டாது, பரம்பரையாகவும் போகாது. பேத்திக்கு 2, 3, 5, 18 மாதங்களில் கிளினிக்கில் போடும் கூட்டுத் தடுப்பூசியில் போலியோ மருந்தும் சேர்ந்தே இருக்கிறது. நாலு மாதம் என்றால் இரண்டு ஊசி முடிந்திருக்க வேண்டும், அட்டையைப் பாருங்கள். 2000-இல் நம் வட்டாரம் போலியோ இல்லாதது என்று அறிவிக்கப்பட்டது உண்மைதான். ஆனால் 2019 டிசம்பரில் சபா, துவாரானில் ஒரு கைக்குழந்தைக்குப் போலியோ வந்ததும் உண்மை. ஆகவே ஊசியைத் தள்ளிப் போட வேண்டாம்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகள் 'போலியோ பின்விளைவு நோய்' என்று நாங்கள் சொல்வதோடு பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. போலியோவிலிருந்து தேறி, குறைந்தது பதினைந்து வருடமாவது ஒரே நிலையில் இருந்தவர்களுக்கு, புதிதாகத் தசைத் தளர்ச்சி, அசதி, வலி ஆகியவை வந்து ஒரு வருடத்துக்கு மேல் நீடித்தால் இதை நினைக்க வேண்டும். போலியோ வந்த நூறு பேரில் 25 முதல் 40 பேருக்கு இது வரலாம் என்பது பொதுவான கணக்கு. ஆனால் கடிதத்தை மட்டும் படித்து நோயை உறுதி செய்ய முடியாது. இதற்கென்று தனியாக ஒரு ரத்தப் பரிசோதனையும் கிடையாது. தைராய்டு, ரத்தசோகை, வைட்டமின் பி12, வைட்டமின் டி, சர்க்கரை, முதுகெலும்பில் நரம்பு நசுங்குவது என்று இதே மாதிரி காட்டும் மற்றவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழித்த பிறகுதான் இந்தப் பெயரை வைப்போம். அவற்றில் பல மருந்தால் சரியாகக்கூடியவை என்பதால் அந்தப் பரிசோதனைகளைத் தாண்டிப் போகக் கூடாது.

ஏன் இத்தனை வருடம் கழித்து? தோட்டத்தில் பிறந்த உங்களுக்கு இதைச் சொல்வது சுலபம். காலைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, பாதிப் பேர் வரவில்லை என்று வையுங்கள். வந்தவர்கள் தலையில் இரண்டு நிரை, மூன்று நிரை (மர வரிசை) வேலை விழும். அன்றைக்குப் பால் வெட்டு நிற்காது, பாலும் வந்துவிடும். உங்கள் முதுகுத்தண்டில் தசையை இயக்கும் நரம்பணுக்களில் ஒரு பகுதியைப் போலியோ அழித்தபோது இதுதான் நடந்தது. பிழைத்தவை கிளை விட்டு, அநாதையான தசை நார்களையும் தத்தெடுத்துக்கொண்டன. ஒவ்வொன்றும் தன் பங்கைவிடப் பல மடங்கு வேலை செய்தது. அதனால்தான் தேறினீர்கள், நடந்தீர்கள். ஐம்பது வருடம் அப்படி உழைத்த பிறகு, அந்தக் கூடுதல் கிளைகள் ஒவ்வொன்றாக உதிர ஆரம்பிக்கின்றன.

இடது கால் ஏன் என்று குழம்பியிருக்கிறீர்கள். அதுவும் 'நல்ல கால்' இல்லை, அக்கா. ஒரு தசையின் நரம்பணுக்களில் பாதி போனாலும் பார்வைக்கு அது நன்றாகவே வேலை செய்வதுபோல் இருக்கும். குழந்தையில் அந்தக் காலும் கொஞ்சம் அடிபட்டிருக்க வாய்ப்பு அதிகம். யாரும் கவனிக்கவில்லை. அப்புறம் வலது காலின் வேலையையும் சேர்த்து அதன் மேல் ஏற்றினீர்கள். முதலில் அது களைப்பதில் ஆச்சரியமில்லை. வலது தோளும் அப்படித்தான்: தொடையை அழுத்தி அழுத்தி, அந்தக் கை 38 வருடமாகக் காலின் வேலையைச் செய்கிறது.

ஊசியால் வந்ததா?

இந்தக் கேள்வியை எத்தனையோ தோட்டத்துக் குடும்பங்களில் கேட்டிருக்கிறேன். 'டிரஸ்ஸர் ஊசி போட்டுத்தான் பிள்ளை கால் போச்சு' என்று பாட்டிமார் சாகும்வரை சொல்வார்கள். உங்கள் அம்மாவும் வேலைக்குப் போகாமல் இருந்திருந்தால், டிரஸ்ஸரிடம் தூக்கிப் போகாமல் இருந்திருந்தால் என்று தன்னையே நொந்துகொண்டதாக எழுதியிருக்கிறீர்கள்.

அந்தக் காய்ச்சலே போலியோ. 1971, 72-இல் தீபகற்ப மலேசியாவில் போலியோ பரவியது. சொட்டு மருந்து நம் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது 1972-இல். உங்களுக்கு அது எட்டும் முன்பே கிருமி வந்துவிட்டது. பாட்டிமார் சொன்னதில் ஒரு துளி உண்மையும் உண்டு, மறைக்க மாட்டேன்: போலியோ கிருமி உடம்பில் இருக்கும் நேரத்தில் தசையில் ஊசி போட்டால், அந்தக் கை அல்லது கால் முடங்கும் வாய்ப்பு கூடுகிறது என்பது மருத்துவத்தில் தெரிந்த விஷயம்தான். ஆனால் காய்ச்சலோடு வந்த நூறு குழந்தைகளில் எது போலியோ என்று ஒரு தோட்டத்து டிரஸ்ஸரால் அன்று சொல்லியிருக்க முடியாது. ஊசி போடாமல் இருந்தாலும் கால் போயிருக்கலாம். ஆயக்கொட்டகையில், அதாவது தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில், விட்டதால் வந்தது என்றும் சொல்ல முடியாது. அந்தக் கிருமி தண்ணீரிலும் கழிவிலும் கையிலும் பரவுவது. லயத்துப் பொதுக் குழாயும் வாளிக் கக்கூசும் உங்கள் அம்மா கட்டியவை இல்லை.

நடையும் உடற்பயிற்சியும்

இந்தப் பகுதியை மகனிடம் படிக்கக் கொடுங்கள். தம்பி, அம்மா மேல் உள்ள அக்கறையில்தான் செய்தீர்கள். ஆனால் ஜிம்மில் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்த விதி, களைத்த தசையை இன்னும் கொஞ்சம் தள்ளினால் அது வளரும் என்பது, நரம்பு முழுசாக உள்ள தசைக்கு உரியது. அம்மாவின் தசையில் வேலை செய்யும் நரம்பணுக்களே குறைவு. அவற்றைத் தள்ளினால் வளராது, தேயும்.

அதற்காகக் கட்டிலோடு கிடக்கச் சொல்லவில்லை. அசையாமல் இருந்தாலும் மிச்சமுள்ள தசை மெலியும், எடை கூடும், அந்த எடையையும் அதே இடது கால்தான் சுமக்கும். அளவு என்ன என்பதற்கு ஒரு எளிய கணக்கு: இன்று செய்ததன் வலியும் தளர்ச்சியும் நாளைக் காலைவரை நீடித்தால் அது அதிகம், பாதியாகக் குறையுங்கள். ஆறு சுற்று உடனே நிறுத்தம். புவியீர்ப்பை எதிர்த்துத் தூக்க முடிகிற தசைகளுக்கு மட்டும் இலகுவான பயிற்சி, நடுவில் இளைப்பாறல், ஒரு நாள் விட்டு ஒரு நாள். தூக்கவே முடியாத தசைக்குப் பயிற்சி கொடுப்பதில் பயன் இல்லை, அதை மடக்கி நீட்டி மூட்டு இறுகாமல் பார்த்துக்கொண்டால் போதும். தண்ணீரில் செய்யும் பயிற்சி மிக நல்லது, உடம்பின் பாரத்தைத் தண்ணீர் தாங்கிக்கொள்ளும். ஆனால் தண்ணீர் குளிராக இருக்கக் கூடாது. உங்களைப் போன்றவர்களுக்குக் குளிரில் தசை இன்னும் தளரும். ஏர்கோனில் கால் விறைப்பது அதனால்தான், நீளக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள்.

பயிற்சியைவிட முக்கியமானது சிக்கனம். நாள் முழுக்க ஓடிவிட்டு ராத்திரி விழுவதற்குப் பதிலாக, களைப்பு வரும் முன்பே பத்துப் பதினைந்து நிமிடம் உட்காருங்கள். களைத்த பிறகு உட்கார்ந்தால் மீள்வதற்கு இன்னும் அதிக நேரம் ஆகும். அடுப்படியில் உயரமான ஒரு ஸ்டூல் போடுங்கள், தோசையை நின்றுகொண்டுதான் சுட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. குளியலறையில் கைப்பிடியும் பிளாஸ்டிக் நாற்காலியும் இந்த வாரமே வைக்க வேண்டியவை. வலது கால் எலும்பு பாரம் தாங்காமலே வளர்ந்ததால் மெல்லியதாக இருக்கும், அடுத்த முறை விழுந்தால் உடையலாம். அதே காரணத்துக்காக, அந்தக் காலை மிதித்து இழுத்து உருவிவிடுகிறவர்களிடம் போக வேண்டாம். வெதுவெதுப்பான எண்ணெய் போட்டு மெதுவாகத் தேய்த்துக்கொள்வதில் தவறில்லை.

சோம்பேறியா என்று கேட்டிருந்தீர்கள். ஒன்றரை காலில் 26 வருடம் ஷிப்டு பார்த்தவரை யார் அப்படிச் சொன்னாலும், அவரை ஒரு வாரம் உங்கள் தொழிற்சாலை பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள்.

கேலிப்பரைப் பற்றி

ஆமாம், பெரும்பாலும் போடத்தான் சொல்வேன். நீங்கள் எதிர்பார்த்த பதில் இது இல்லை என்று தெரியும். 17 வயதில் அதைக் கழற்றியது உங்களுக்கு எவ்வளவு பெரிய வெற்றி என்பது கடிதத்தில் தெரிகிறது. அது வெற்றிதான், அதை யாரும் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. ஆனால் அந்த வெற்றிக்கான செலவை ஒரு தோளும் ஒரு முதுகும் ஒரு இடது காலும் கட்டிக்கொண்டு வந்தன. இப்போது அவை கையை விரிக்கின்றன.

இன்றைய கேலிப்பர் நீங்கள் நினைத்துப் பயப்படுகிற இரும்புக் கூடு அல்ல. காலின் அச்செடுத்துச் செய்யும் பிளாஸ்டிக் உண்டு, எடை மிகக் குறைந்த கார்பன் ஃபைபர் உண்டு. காலை ஊன்றும்போது மட்டும் முட்டியைப் பூட்டி, தூக்கும்போது விடுவிக்கும் மூட்டு வைத்ததும் உண்டு. விலை ஏற ஏற வசதி ஏறும், எல்லாருக்கும் எல்லாம் பொருந்தாது. பழைய வகை பூட்ஸோடு ஒட்டியே இருக்கும், நம் வீடுகளில் அது பெரிய தொல்லை. உங்கள் அம்மா வாசலிலேயே கழற்றச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பிளாஸ்டிக் வகை சப்பாத்துக்கு உள்ளே போவது. அதனால் வீட்டுக்குள் போட ஒரு தனிச் செருப்பு வைத்துக்கொள்ளலாம். அச்செடுக்கும்போதே இதை அந்த நிபுணரிடம் சொல்லிவிடுங்கள், நம் ஊர் வெயிலுக்கு உள்ளே மெல்லிய பருத்திக் காலுறை வேண்டும் என்பதையும்.

இன்னொரு எச்சரிக்கை. உங்கள் வலது முட்டி நிற்கும்போது பின்பக்கம் வளைவதாக எழுதியிருக்கிறீர்கள். பார்க்கக் கோணலாக இருந்தாலும், தொடைத் தசை இல்லாத காலில் அந்த வளைவுதான் முட்டியைப் பூட்டி உங்களை நிற்க வைக்கிறது. யாராவது அதை அறுவைச் சிகிச்சையில் 'நேராக்கிவிடலாம்' என்றால், போலியோ கால்களைப் பார்த்துப் பழகிய மருத்துவரின் கருத்தைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். குட்டையான காலுக்குச் செருப்பில் உயரம் கூட்டுவதிலும் இதே கவனம் வேண்டும். முழுக்கச் சமமாக்கினால் பாதம் தரையில் தட்டும், கொஞ்சம் குறைவாகவே விடுவோம்.

சக்கர நாற்காலியும் அப்படித்தான். நடக்க முடியாமல் போன பிறகு வாங்குவது என்று அதை நினைக்காதீர்கள். தைப்பூசக் கூட்டத்திலும் பெரிய பேரங்காடியிலும் நாற்காலியில் போய்விட்டு, வீட்டில் நடப்பதற்குத் தெம்பை மிச்சம் பிடிக்கலாம். பால்குடம் எடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நேர்த்திக்கடனில் நான் தலையிட முடியாது. ஆனால் மைல் கணக்கில் வெறுங்காலோடு வேண்டாம். கோயில் வாசலிலிருந்து சன்னதிவரை எடுத்தால் முருகன் கணக்குப் பார்க்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

ஸ்டெம் செல் ஊசியைப் பற்றி ஒரே வரி: போலியோ பின்விளைவுக்கு அது பலன் தரும் என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை, அந்த 18,000 வெள்ளியைக் கணவர் பத்திரமாக வைத்திருக்கட்டும். இந்த நோயை மாற்றும் மாத்திரையும் இதுவரை இல்லை. நல்ல கேலிப்பர், சரியான ஓய்வு, நல்ல தூக்கம், விழாமல் இருப்பது: இவைதான் சிகிச்சை. ஆறுதலான விஷயம், இது பெரும்பாலும் மெதுவாகவே போகும், நடுவில் வருடக்கணக்கில் அப்படியே நிற்கவும் செய்யும்.

எங்கே போவது? சுங்கை சிப்புட் அரசாங்கக் கிளினிக்கில் 'சின்ன வயதில் போலியோ, மூன்று வருடமாகப் புதிய தளர்ச்சி, இரண்டு முறை விழுந்தேன்' என்று இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்லி, ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் மறுவாழ்வு மருத்துவப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். 'கால் வலி' என்று மட்டும் சொன்னால் மறுபடி வலி மாத்திரைதான் கிடைக்கும். அந்த மாத்திரையைத் தினமும் போடுவது சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் ஆகாது. இன்னும் விரிவான சிகிச்சை தேவைப்பட்டால் அங்கிருந்து கோலாலம்பூர், செராஸ் மறுவாழ்வு மருத்துவமனைக்கோ மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள்.

வேலையை விடுவதற்கு முன்

ராஜினாமாக் கடிதத்தை இப்போதைக்கு எழுதாதீர்கள். தங்கச்சி சொன்னதில் ஒரு பிழை இருக்கிறது: 55 வயது ஆனவர் இ.பி.எஃப். பணத்தை எடுப்பதற்கு வேலையை விட வேண்டியதில்லை. தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்பது 2013 ஜூலை முதல் சட்டம். அதனால் 'வயசாச்சு, போங்க' என்று நிர்வாகமும் சொல்ல முடியாது. நான் வழக்கறிஞர் இல்லை, ஆனால் என் நோயாளிகளோடு இந்த அலுவலகங்களுக்கு நிறையக் கடிதம் எழுதியிருக்கிறேன். வரிசை முக்கியம்.

முதலில் மருத்துவக் கடிதம். அதை வைத்து, உட்கார்ந்து செய்யும் வேலை, குறைந்த மணி நேரம், இரவு ஷிப்டு இல்லாமை என்று நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கேளுங்கள். 2023 ஜனவரியில் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தத்தின்படி, வேலை நேரத்தையோ வேலை நாளையோ மாற்றித் தரும்படி தொழிலாளி எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனாலும் சூப்பர்வைசரிடம் வாயால் கேட்டு 'பார்க்கலாம்' என்ற பதிலோடு திரும்புவதைவிட இது எவ்வளவோ மேல்.

அடுத்தது பெர்கேசோ, அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம், நம் ஆட்கள் இன்னும் சொக்சோ என்றே சொல்வது. 26 வருடமாகச் சந்தா கட்டியிருக்கிறீர்கள். வேலையிடத்தில் விபத்து நடந்தால்தான் சொக்சோ என்று எழுதியிருந்தீர்கள், அது சரியில்லை. வேலையோடு சம்பந்தமில்லாத நோயால், வழக்கமான சம்பாத்தியத்தில் மூன்றில் ஒரு பங்குகூடச் சம்பாதிக்க முடியாத நிரந்தர நிலை 60 வயதுக்கு முன் வந்தால், முடக்க ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். முழு ஓய்வூதியத்துக்கான வழிகளில் ஒன்று, விண்ணப்பத்துக்கு முந்தைய 40 மாதங்களில் குறைந்தது 24 மாதம் சந்தா கட்டியிருப்பது. கிடைத்தால், கணக்கிடப்படும் சராசரிச் சம்பளத்தில் 50 முதல் 65 விழுக்காடு வரும். வேலையை விட்டு இரண்டு வருடம் வீட்டில் இருந்துவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்று இருந்தால் இந்த வழி கையைவிட்டுப் போய்விடும்.

நீங்கள் அந்த நிலையில் இருக்கிறீர்களா என்றால், இன்றைக்கு இல்லை என்றுதான் நினைக்கிறேன். முடிவு செய்வது அவர்களுடைய மருத்துவர் குழு. 'போலியோ சின்ன வயதிலிருந்தே இருந்ததே' என்ற கேள்வி வரும். அதனால் இத்தனை வருடம் என்ன வேலை செய்தீர்கள், மூன்று வருடமாக எதெல்லாம் முடியவில்லை என்பதைத் தேதியோடு மருத்துவக் குறிப்பில் ஏற்றுவது அவசியம். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, 2007 முதல் பெர்கேசோ நடத்தும் வேலைக்குத் திரும்பும் திட்டம். உங்களுக்கென ஓர் அதிகாரி வந்து முதலாளியோடு பேசுவார், மறுவாழ்வுச் சிகிச்சைக்கும் கேலிப்பர் போன்ற சாதனங்களுக்கும் தகுதி உண்டா என்று பார்ப்பார். மலாக்காவில் அவர்களுக்கென்றே ஒரு மறுவாழ்வு மையம் இருக்கிறது.

மாற்றுத்திறனாளி அட்டை, அதாவது ஓகேயு கார்டு எடுக்க இத்தனை வருடமாகக் கூச்சப்பட்டிருக்கிறீர்கள். 'நான் நடக்கிறேனே, எனக்கு எதுக்கு?' என்று எழுதியிருக்கிறீர்கள். நடக்க முடியாதவர்களுக்கு மட்டும் உள்ளது அல்ல அது. கிளினிக் டாக்டர் படிவத்தில் உறுதி செய்ததும், கோலகங்சார் மாவட்டச் சமூக நலத்துறை அலுவலகத்தில் கொடுத்தால் போதும். அரசாங்க மருத்துவமனையில் கட்டண விலக்கு, ரயிலில் பாதிக் கட்டணம், சாதன உதவிக்கும் குறைந்த சம்பளக்காரர்களுக்கான மாத அலவன்ஸுக்கும் விண்ணப்பிக்கும் வழி எல்லாம் அதன் வழியாகத்தான். அலவன்ஸுக்குச் சம்பள வரம்பு உண்டு. ஓவர்டைம் சேர்த்தால் நீங்கள் தாண்டிவிடலாம், கேட்டுப் பாருங்கள். 2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தை மட்டும் நம்பி முதலாளியோடு சண்டைக்குப் போகாதீர்கள். வேலையில் சம வாய்ப்பு என்று அதில் எழுதியிருக்கிறது, ஆனால் மீறினால் தண்டனை என்ன என்று எழுதவில்லை.

பித்தப்பை அறுவைச் சிகிச்சை

கடிதத்தின் கடைசி வரியில் போகிற போக்கில் சொல்லியிருந்தீர்கள். என்னைப் பொறுத்தவரை இதுதான் முதல் அவசரம். போலியோ வந்த உடம்புக்கு மயக்க மருந்தும் தசையைத் தளர்த்தும் மருந்தும் குறைந்த அளவிலேயே பலமாக வேலை செய்யும். மற்றவர்களுக்குப் போடும் அளவு போட்டால் விழிக்க நேரமாகலாம், மூச்சுத் தசைகள் மீள்வதும் தாமதமாகலாம். அறுவைச் சிகிச்சை அறையின் குளிர் வேறு.

அதோடு உங்கள் காலைத் தலைவலி எனக்குக் கவலை தருகிறது. தூக்கத்தில் மூச்சு போதுமான அளவு போகாமல் கரியமில வாயு தேங்குவதால் அது வரலாம், பகல் அசதியில் ஒரு பங்கும் அங்கிருந்து வரலாம். உட்கார்ந்தும் படுத்தும் நுரையீரல் பரிசோதனை, தேவைப்பட்டால் தூக்கப் பரிசோதனை, இரண்டையும் அறுவைச் சிகிச்சைக்கு முன்பே செய்ய வேண்டும். மூச்சு குறைவாக இருப்பது தெரிந்தால், இரவில் முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தரும் கருவி பெரிய வித்தியாசம் செய்யும். கரியமில வாயுவின் அளவைப் பார்க்காமல் வெறும் ஆக்சிஜன் வைப்பது உங்களைப் போன்றவர்களுக்கு ஆபத்தாகலாம். இதை மகனும் தெரிந்து வைத்திருக்கட்டும்.

அறுவைச் சிகிச்சைத் தேதிக்குக் காத்திருக்காமல் இந்த வாரமே அந்த மருத்துவமனைக்குப் போன் செய்து, மயக்க மருந்து நிபுணரை முன்கூட்டிப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். ஒரு தாளில் இதை எழுதி எடுத்துப் போங்கள்: ஒன்றரை வயதில் போலியோ, வலது கால் முடக்கம், மூன்று வருடமாக இடது காலிலும் புதிய தளர்ச்சி, காலையில் தலைவலி, குளிர் ஆகாது, இப்போது சாப்பிடும் மாத்திரைகள் இன்னின்னவை. அதே தாளுக்கு ஒரு பிரதி எடுத்துக் கிளினிக் டாக்டரிடமும் கொடுத்துவிடுங்கள். கொழுப்பு மாத்திரை சாப்பிடுவதாக இருந்தால் அதையும் மறக்காமல் எழுதுங்கள். சிலருக்கு அதனாலும் தசை வலி வரும். ஆனால் டாக்டரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்த வேண்டாம். நிபுணர் பரிசோதனைகள் முடியவில்லை என்று தேதியைத் தள்ளிப் போட்டால் கோபப்படாதீர்கள். கல் தொந்தரவு கொடுக்காமல் இருக்கும்வரை சில வாரம் காத்திருக்கலாம். நடுவில் காய்ச்சலோடு வயிற்று வலி வந்தாலோ கண் மஞ்சளானாலோ மட்டும் தேதியைப் பார்க்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள், அந்தத் தாளோடு.